வானத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தவர்: அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி

இரவு ஓய்வுக்காகவும், சூரியனும் சந்திரனும் காலக்கணக்குக்காகவும், விண்மீன்கள் இருளில் வழியறியவும் ஆக்கப்பட்டதைத் திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் அடுத்தடுத்து நினைவூட்டுகிறது. ஊர் உறங்கும் இரவுகளில் விழித்திருந்து, அந்த விண்மீன்களை ஓவியங்களாக்கித் தந்த ஓர் அறிஞரை இங்கே நினைவுகூர்வோம்.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 903இல் (ஹிஜ்ரி 291) இன்றைய ஈரானிலுள்ள ரய் நகரில் பிறந்தார். புவைஹித் மன்னர் அளுதுத் தவ்லாவின் அவையில் வானியல் அறிஞராக விளங்கினார். மன்னரே அவரிடம் விண்மீன்களைப் பற்றிக் கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் விண்மீன் அறிவு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, கிரேக்க அறிஞர் தாலமியின் 48 விண்மீன் கூட்டங்கள். மற்றொன்று, மழையையும் பருவத்தையும் பாலைவனப் பாதையையும் அறிய அரபு நாடோடிகள் வழிவழியாகச் சொல்லிவந்த பெயர்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்தவர்கள் குறைவு. புகழ்பெற்றவர்கள்கூட வானத்தை நேரில் பாராமல், பழைய நூல்களையும் வானக் கோளங்களையும் பார்த்தே எழுதினார்கள். ஒருவர் செய்த பிழை அடுத்தவர் நூலிலும் குடியேறியது. அஸ்ஸூஃபி இதைத் தம் முன்னுரையில் வெளிப்படையாகவே கண்டித்தார்.

அவர் தாலமியின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விண்மீனாக வானத்தில் தேடினார். அதன் ஒளி எவ்வளவு, அரபுகள் அதை எப்படி அழைத்தார்கள் என்று குறித்தார். அப்படி உருவானதுதான் 964ஆம் ஆண்டின் ‘ஸுவருல் கவாகிப்’.

அந்நூலின் சிறப்பு அதன் ஓவியங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படங்கள். வானக் கோளத்தை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். உண்மையான வானத்தையோ உள்ளிருந்து பார்க்கிறோம். எனவே இடம் வலமாக மாறிவிடும். கோளத்தில் தெரிவதுபோல் ஒன்று, வானில் தெரிவதுபோல் ஒன்று என அவர் இரண்டையும் தந்தார். மனிதர், விலங்கு, பறவை உருவங்கள் அங்கே அலங்காரத்துக்காக வரவில்லை. எந்த விண்மீன் எங்கே இருக்கிறது என்று பாமரரும் கண்டுகொள்ளவே வந்தன.

ஒரு படத்தில் மீனின் வாயருகே சிறு மேகம்போல ஒன்றைக் குறித்தார். அது ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் என்று இன்று அறிகிறோம். அதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுவே.

அவர் 986இல் (ஹிஜ்ரி 376) மறைந்தார். அவர் நூல் ஸ்பெயினில் காஸ்டிலிய மொழிக்குச் சென்றது. 15ஆம் நூற்றாண்டில் சமர்கந்தில் உலுக் பேக்கிற்காக அழகிய பிரதி ஒன்று உருவானது. நிலவின் பள்ளம் ஒன்று ‘அஸோஃபி’ என்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

பிறை குறித்து நாம் ஆண்டுதோறும் ஆதாரங்களோடு வாதிடுகிறோம். ஆனால் அந்தப் பிறை உலவும் வானத்தை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? மார்கழி, தை மாதங்களில் இஷாவுக்குப் பின் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்வோம். கார்த்திகை எனப்படும் சுரையாவையும், அதைப் பின்தொடரும் ரோகிணியையும் காட்டுவோம். பின்தொடர்வது என்பதால்தான் அரபுகள் அதற்கு ‘அல்தபரான்’ என்று பெயரிட்டார்கள்.

படைப்பைப் பார்த்துப் படைத்தவனை நினைக்கும் கண்களை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.