குருதியைச் சேமித்த வைத்தியர்

சார்ள்ஸ் ட்ரூ 1904 இல் வாஷிங்டன் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளி. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1933 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

சத்திரசிகிச்சைப் பயிற்சிக்காக 1938 இல் நியூயோர்க் சென்றார். அங்கே மற்றப் பயிலுநர் வைத்தியர்கள் விடுதி விடுதியாகச் சென்று நோயாளரைப் பார்த்துப் பழகினர். வெள்ளையின நோயாளரைக் கறுப்பர் ஒருவர் தொட்டுப் பார்ப்பதா? ட்ரூவைப் பெரும்பாலும் ஆய்வுகூடத்திலேயே இருத்தினார்கள். ஒதுக்கிய அந்த இடத்தில்தான் குருதியைப் பழுதாகாமல் பேணும் வழிகளை அவர் ஆராய்ந்தார். பரீட்சார்த்தமாகக் குருதிவங்கி ஒன்றையும் நடத்தினார். அந்த ஆய்வுக்கே 1940 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில், குண்டுவீச்சில் தவித்த பிரித்தானியாவுக்குக் குருதித் திரவவிழையம் அனுப்பும் பணியை வழிநடத்தினார்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடிக் குருதிவங்கியையும் 1941 இல் அவரே நெறிப்படுத்தினார். அவர் விலகிய பின், அச்சங்கம் கறுப்பரின் குருதியை முதலில் மறுத்தது. 1942 இல் ஏற்றபோதும் வேறாகவே வைத்தது. இதற்கு விஞ்ஞான ஆதாரமே இல்லையென ட்ரூ பகிரங்கமாகக் கண்டித்தார்.

ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியவர், தமக்குக் கிடைக்காத விடுதிப் பயிற்சியைக் கறுப்பின இளைஞர்களுக்குக் குறைவின்றிக் கொடுத்தார். எனக்கு இதுவே அவரது பெரும் பணியாகத் தோன்றுகிறது.

1950 ஏப்ரல் 1 இல், இலவச வைத்திய முகாமொன்றுக்குச் சக வைத்தியர்களோடு காரில் செல்லும்போது விபத்துக்குள்ளாகி, 45 வயதில் காலமானார். வெள்ளையர் வைத்தியசாலை அவரைச் சேர்க்க மறுத்தது என்பது கட்டுக்கதை. அங்கிருந்த வைத்தியர்கள் அவரைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள்.