கிருமியை விழுங்கும் காவலரைக் கண்டறிந்த மெச்னிகாவ்

மும்பை பரேலில் உள்ள ஹாப்கின் நிறுவனம் தமிழர்கள் பலருக்கும் தெரிந்த இடம். பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடியபோது, 1897 ஜனவரியில், தாம் தயாரித்த தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டவர் ஹாப்கின். ஒடெஸ்ஸா பல்கலைக் கழகத்தில் அவருக்கு ஆசானாக இருந்தவர் இலியா மெச்னிகாவ். உள்ளே நுழையும் கிருமியை உடம்பு எப்படி எதிர்கொள்கிறது என்பதைக் கண்ணால் கண்டு சொன்ன மேதை அவர்.

1845-ல், ருஷ்யப் பேரரசில் கார்க்கோவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. படிப்பில் அவசரக்காரர். நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து, ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்க் கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். இருபத்தைந்து வயதில் ஒடெஸ்ஸாவில் பேராசிரியர் ஆகிவிட்டார்.

அறிவு தந்த உயர்வை வாழ்க்கை தரவில்லை. 1869-ல் அவர் மணந்த லுட்மிலா காசநோயாளி. திருமணத்துக்கே மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கி வர வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக அழைத்துப் போய் வைத்தியம் பார்த்தும் பயனில்லை. 1873-ல் மதீரா தீவில் அவர் கண்மூடினார். மனம் உடைந்த மெச்னிகாவ் தம் உயிரையும் போக்கிக்கொள்ள முயன்று, தப்பிப் பிழைத்தார்.

1875-ல் ஓல்காவை மணந்தார். சில ஆண்டுகளில் ஓல்காவையும் டைபாய்டு காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. கூடவே பல்கலைக் கழகத்தில் அரசியல் தொல்லை வேறு. விட்டு விட்டு வரும் ஒருவகை விஷக் காய்ச்சலின் கிருமி உள்ள ரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார் மெச்னிகாவ். அது ஆராய்ச்சியா, சாகத் துணிந்த செயலா என்றால், இரண்டும்தான். அதிலும் பிழைத்தார்.

1882-ல் வேலையை உதறிவிட்டு, மனைவியோடும் மைத்துனர் மைத்துனிகளோடும் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவுக்குப் போனார். ஒருநாள் குடும்பத்தார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பிவிட, அவர் மட்டும் வீட்டில் இருந்தார். நட்சத்திர மீனின் இளம் பருவ உயிர் கண்ணாடி போல இருக்கும். உள்ளே ஊர்ந்து திரியும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். அன்னியப் பொருள் ஒன்று உள்ளே புகுந்தால் இந்த அணுக்கள் என்ன செய்யும் என்ற எண்ணம் அப்போதுதான் உதித்தது. தோட்டத்து முள்ளை எடுத்து வந்து அந்த உயிரின் உடம்பில் செருகினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் படை திரண்டு மொய்த்திருந்தன!

ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளை உடம்பெங்கும் சுமந்து சென்று நோயைப் பரப்புவதாகவே அந்நாள் மருத்துவர்கள் பலர் நம்பினர். மெச்னிகாவ் அதைத் தலைகீழாக்கினார். திருடனின் கூட்டாளி என்று கருதப்பட்டவனே காவலன் என்றார். அந்த அணுக்களுக்கு விழுங்கணுக்கள் என்ற பொருளில் கிரேக்கப் பெயரும் வந்தது.

எதிர்ப்புக்குப் பஞ்சமில்லை. கிருமியைக் கொல்வது ரத்த நீரே, அணுக்கள் அல்ல என்று ஜெர்மானிய அறிஞர்கள் வாதிட்டனர். 1888-ல் பாரீஸில் லூயி பாஸ்டர் அவருக்கு இடம் கொடுத்தார். மறு ஆண்டு ஹாப்கினும் அங்கே போய்ச் சேர்ந்தார். முதலில் கிடைத்தது நூலக வேலைதான். சண்டை இருபது ஆண்டுகள் நடந்தது. உண்மையில் இரு தரப்புமே சரி. ரத்த நீரில் உள்ள சில பொருள்கள் கிருமியின் மேல் படிந்தால் விழுங்கணு அதை எளிதில் விழுங்கும் என்று பின்னர் தெரிந்தது. 1908-ன் நோபல் பரிசும் மெச்னிகாவுக்கும் ஜெர்மனியின் பால் எர்லிக்குக்கும் சேர்த்தே தரப்பட்டது.

இளமையில் சாவைத் தேடியவர், முதுமையில் நீண்ட ஆயுளுக்கு வழி தேடினார். பல்கேரியக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்குப் புளித்த பாலே காரணம் என்று நம்பி, தாமும் தவறாமல் குடித்தார். ஐரோப்பாவில் அது பெரிய நாகரிகமாகப் பரவியது. மோர் இல்லாமல் சாப்பாடு முடியாத நமக்கு இது வேடிக்கைதான். குடல் கிருமிகளின் நஞ்சே முதுமைக்குக் காரணம் என்ற அவருடைய கொள்கை மட்டும் நிலைக்கவில்லை. 1916 ஜூலையில், 71-ம் வயதில், இதய நோயால் பாரீஸில் காலமானார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டது.

அவர் விட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு. வந்திருப்பது பகைவன் என்று அணுவுக்கு எப்படித் தெரிகிறது? 1996-ல் ழூல் ஹாப்மன் ஈயிலும், 1998-ல் புரூஸ் பாய்ட்லர் எலியிலும் விடை கண்டனர். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மட்டுமே உரிய பொருள்கள் சில உண்டு. பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள கொழுப்புப் பொருள் அவற்றில் ஒன்று. உடம்பின் அணுக்கள் மேல் உள்ள உணர்விகள் இவை வந்திருப்பதை அறிந்து அபாயச் சங்கு ஊதுகின்றன. இதற்காக 2011-ல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

செடிகளுக்கு ஊர்ந்து போய் விழுங்கும் அணு கிடையாது. ஒவ்வோர் அணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உணர்வி அவற்றுக்கும் உண்டு. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம் பட்டாலே போதும். இலைத் துளைகள் மூடிக்கொள்ளும், அணுச்சுவர் தடிக்கும். ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றில் இருந்த இத்தகைய உணர்வி மரபணு 1995-ல் பிரித்தெடுக்கப்பட்டது. இலைக்கருகல் நோயைத் தாங்கும் வகையில், அந்த மரபணுவையும் வேறு இரண்டையும் ஒட்டுச் சேர்க்கை வழியாக ஏற்றிய சம்பா மசூரி நெல்லை ஹைதராபாத் விஞ்ஞானிகள் உருவாக்கினர். 2008-ல் அது உழவர்களுக்கு வந்தது.