கலையைக் காத்த ஆய்வறிஞர் ஆனந்த குமாரசாமி

கலைப்பொருளைப் பூட்டி வைப்பதே அதனைக் காப்பதாகும் எனப் பலர் எண்ணுவர். அது யாரால், எதற்காக, எவ்வாறு செய்யப்பட்டது என்னும் அறிவையும் சேர்த்துக் காத்தாலன்றி அக்காப்பு முழுமை பெறாது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் நிறுவியவர் கலாயோகி ஆனந்த குமாரசாமி.

கொழும்பில் 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் பிறந்த இவர்க்குத் தந்தை தமிழறிஞர் சர் முத்து குமாரசாமி. தாய் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை ஏற்றார்.

கனிமம் தேடி ஊர்தோறும் சென்றவர் நலிந்துவந்த கைத்தொழில்களைக் கண்டார். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின், கைவினைஞர்க்கு நிலமளித்துப் புரந்த அமைப்பும் குலைந்ததை ஆராய்ந்து உணர்ந்தார். புரவலர் அமைப்பு அழிந்தால் கலையும் அழியும் என்னும் அக்கருத்து, 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலுக்கு உயிராயிற்று.

பின்னர் இந்தியாவில் ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். காசியில் தேசிய அருங்காட்சியகம் அமையுமாயின் அவற்றை வழங்க முன்வந்தார், அம்முயற்சி கைகூடவில்லை. 1917இல் அச்செல்வம் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. அவரும் அங்கே காப்பாளரானார். பொருளின் அருமையைக் காலத்தே உணராமையால் நாம் அடைந்த இழப்பு இது.

இராசபுத்திர ஓவியத்தை மொகலாய ஓவியத்தினின்று பிரித்துக் காட்டியது அவரது 1916ஆம் ஆண்டு நூல். அப்பிரிவு மிகக் கூர்மையானதெனப் பின்வந்தோர் திருத்தினர். ஆய்வை ஆய்வே திருத்தும் அன்றோ! மொகலாய ஓவியங்களுக்கும் 1930இல் விரிவான விளக்கப்பட்டியல் அளித்தார். 1933இல் இந்திய, பாரசீக, இசுலாமியக் கலை ஆய்வாளர் என்னும் பதவி பெற்றார். அருங்காட்சியகத்தின் கடமை வியக்கச் செய்வதன்று, விளங்கச் செய்வதே என்பதை 1941இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் பாஸ்டனை அடுத்த நீதம் என்னும் ஊரில் மறைந்தார்.

அவர் வாழ்வு தரும் பாடம் நம் வட்டாரத்திற்கும் உரியது. திருப்பாலைவனத்திற்கு அண்மையிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்து வருகின்றது. ஆனால், கடல் கடந்து இவ்வூர்ப் பெயரையே தாங்கிச் சென்ற கைக்குட்டைத் துணியின் நெசவு, நம் பெண்டிர் முடையும் பனையோலைப் பெட்டி, ஏரியில் மீனவர் வகுத்துக்கொண்ட பாட்டுமுறை ஆகியவற்றின் நுட்பம் முதியோர் நினைவிலன்றோ வாழ்கின்றது! அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் நம் மாணவர் கடமையாகும்.