தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – ஜனவரி 23, 1975) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் மலையேறுநரும் ஆவார். 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்றார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றினார். முன்சிறுகுடல் புண் (அல்சர்) குறித்த இவரது அறுவை மருத்துவ ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை.

இளமைக்காலம்

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் காலணித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். ரக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, லண்டனில் மருத்துவக் கல்வியை முடித்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தார். 1916 இல் நடந்த சோம் போரில், எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு வீரர்கள் காயமடைந்து இவரது முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். கூடாரங்களுக்கு வெளியே தரையில் கிடந்த அவர்களுள் எவரும் முறை மீறித் தம்மை முதலில் கவனிக்கும்படி கேட்கவில்லை. இந்த அனுபவம் இவரைப் போர் எதிர்ப்பாளராக மாற்றியது.

எவரெஸ்ட் பயணங்கள்

1922 மே 21 அன்று மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் உயிர்வளிக் கருவி இன்றி ஏறத்தாழ 8,225 மீட்டர் உயரத்தை அடைந்தார். சூன் 7 அன்று ஏற்பட்ட பனிச்சரிவில் சுமை தூக்கி வந்த ஏழு பேர் இறந்தனர். அவர்களோடு ஆங்கிலேயர் ஒருவரும் இறந்திருக்கலாகாதா என இவர் வருந்தினார். 1924 சூன் 4 அன்று நார்ட்டனுடன் ஏறியபோது தொண்டைப் பாதிப்பால் மேலே செல்ல இயலாமல் நின்றுவிட்டார். நார்ட்டன் மட்டும் 8,573 மீட்டர் வரை சென்றார். இறங்கும் வழியில் உறைகுளிரால் உரிந்த தொண்டைச் சவ்வு மூச்சை அடைத்தது. தம் மார்பைத் தாமே அழுத்தி அதனை வெளியேற்றி உயிர் பிழைத்தார். 1922 ஆம் ஆண்டுக் குழுவினருக்கு 1924 குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றத்திற்கான பதக்கம் வழங்கப்பட்டது.

நெய்யூரில் மருத்துவப் பணி

1922 பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சோமர்வெல், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியிலிருந்த நெய்யூருக்கு வந்தார். நாகர்கோவில், பூதப்பாண்டி முதலிய நாஞ்சில் நாட்டு ஊர்களுக்கு மேற்கே, கல்குளம் பகுதியில் அமைந்த ஊர் இது. இங்கு இலண்டன் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் கூட்டமாகக் காத்திருக்க, மருத்துவர் பியூ தனியொரு அறுவை மருத்துவராகத் திணறிக் கொண்டிருந்தார். இதனைக் கண்ட சோமர்வெல், லண்டனில் நல்ல எதிர்காலம் இருந்தும் இங்கேயே பணிபுரிய முடிவு செய்து, 1923 இல் திரும்பி வந்தார்.

அறுவை மருத்துவ ஆய்வு

தென் திருவிதாங்கூர் மக்களிடையே முன்சிறுகுடல் புண் மிகுதியாகக் காணப்பட்டது. நாள்பட்ட புண் ஆறும்போது ஏற்படும் தழும்பு இரைப்பையின் வாயைச் சுருக்கிவிடும். உண்ட உணவு கீழே இறங்காமல் வாந்தியாக வெளியேற, நோயாளி மெலிந்து இறக்க நேரிடும். இரைப்பையை நேரடியாக முன்சிறுகுடலுக்கு அடுத்த சிறுகுடல் பகுதியுடன் இணைத்து உணவுக்குப் புதுவழி அமைப்பது அக்காலச் சிகிச்சை ஆகும். சோமர்வெல் இவ்வகை அறுவைகளைப் பெருமளவில் செய்தார். உடன் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்பவருடன் இணைந்து, நோயின் காரணங்களையும் அறுவை முறைகளையும் விளக்கும் கட்டுரையை 1936 இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். இரைப்பையை வெட்டி நீக்குவதற்குப் பதிலாக, அதற்குச் செல்லும் தமனிகளைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையை 1945 இல் விவரித்தார். இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய இவரது நூல் 1948 இல் வெளிவந்தது.

மரச்சீனி எனப்படும் மரவள்ளிக்கிழங்கை மிகுதியாகக் கொண்ட ஏழைகளின் உணவே நோய்க்குக் காரணமாகலாம் என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் அவ்வுணவை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அவற்றுட் சிலவற்றிற்குப் புண் தோன்றியது. எனினும் இந்நோய்க்கு முதன்மைக் காரணமான எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, சோமர்வெல் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1982 இல் ஆத்திரேலியாவில் வாரன், மார்ஷல் ஆகியோரால் கண்டறியப்பட்டது. இவர்கள் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று பெரும்பாலான நோயாளிகள் மருந்துகளாலேயே குணமடைகின்றனர். சோமர்வெல்லின் காலத்தில் அத்தகைய மருந்து இல்லாததால், இரைப்பை வாய் அடைத்தவர்களுக்கு அறுவையே உயிர் காக்கும் வழியாக இருந்தது.

பிற்காலம்

1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1938 இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் பெற்றார். இங்கிலாந்து திரும்பியபின் 1962 முதல் 1965 வரை ஆல்பைன் கழகத்தின் தலைவராக இருந்தார். ஓவியத்திலும் இசையிலும் ஈடுபாடு கொண்டிருந்த இவர், திபெத்திய நாட்டுப்புற இசையைக் கேட்டுக் குறிப்பெடுத்துள்ளார். ஆம்பிள்சைடு நகரில் காலமானார். கேரளத்தின் காரக்கோணத்தில் உள்ள தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி இவர் பெயரைத் தாங்கியுள்ளது.