டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன்

1972இன் அரசியலமைப்பு வரும்வரை எமது நாட்டில் பாராளுமன்றக் காரியதரிசி எனப்பட்டவர், பின்னர் பிரதி அமைச்சரானார். இந்தியாவில் அதற்கு நிகரானவர் துணை அமைச்சர். மந்திரிசபையில் ஆசனம் கிடையாது. 1962இல் திண்டுக்கல்லில் வென்று, மத்திய அரசின் கல்வித் துணை அமைச்சரான டாக்டர் சௌந்தரம், கோப்பாயிலிருந்து மருத்துவபீடம் சென்ற எம்மவர்க்கு முன்னோடி.

டி.வி.எஸ். பஸ் கம்பனியை நிறுவிய சுந்தரம் ஐயங்காரின் மகள். பதினான்கு வயதில் திருமணம். வைத்தியரான கணவரைப் பிளேக் நோய் கொண்டுபோனது. கைம்பெண் வெளியே வரவே தயங்கிய காலத்தில் டில்லி லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியிற் படித்து 1936இல் வைத்தியரானார். அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. (இருபத்தாறில் முடிக்கும் பிள்ளைகளுக்கே வயது போகிறதென்று கவலைப்படுகிறோம் நாம்!) அங்கே தோழியான சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் தொடர்பு கிடைத்தது. 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். 1947இல் சின்னாளபட்டி அருகே இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினர்.

1962இன் அரசில் சுசீலா சுகாதார அமைச்சர். சௌந்தரத்துக்கோ கல்வி, அதுவும் துணைப் பதவி. கிராமத்துத் தாய்மாரை அறிந்த வைத்தியரைச் சுகாதாரத்தில் அமர்த்தாதது எமக்கு இன்றும் வியப்பே. ஆயினும் காந்திகிராமத்தில் மருந்தும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. அவருக்கு இரண்டும் வேறல்ல. 1967 தேர்தலில் தோற்றதும் பதவி போயிற்று. 1984இல் மறைந்தார். காந்திகிராமத்துக் கஸ்தூரிபா வைத்தியசாலையில் இன்றும் பிள்ளைகள் பிறக்கின்றன.