பள்ளிக்கூடம் பிடிக்காதவர் ஆரம்பித்த பாலிடெக்னிக்



இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நம்மில் பலர் ஏதாவது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகப் போய் நிற்போம். இருபது வருஷம் லேத்தில் நின்றவர் நமக்குக் கீழே வேலை பார்ப்பார். அவர் நம்ம பேச்சை எதற்குக் கேட்கணும்? எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். இதைக் கேட்க வீட்டில் யாரும் கிடையாது. அதனால்தான் ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 23.3.1893 அன்று பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன்பிறகு வேறு நினைப்பே இல்லை. கோவை ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வண்டியை வாங்கியே விட்டார். நாமாக இருந்தால் ஊரைச் சுற்றியிருப்போம். அவர் பார்ட் பார்ட்டாகக் கழற்றி மறுபடி மாட்டினார்! அதுதான் அவருடைய ஒர்க்ஷாப் பிராக்டிகல்.

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்தார். சம்பாதித்ததை பம்பாயில் இழந்தார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி ரூட்டில் இறங்கினார். ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார். அந்த ஒற்றை பஸ்தான் பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆனது. நேரம் தவறாத பஸ் என்று பேர் வாங்கியது. (பாடாலூரில் திருச்சி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) வண்டியைத் தானே ஓட்டி, தானே ரிப்பேர் பார்த்த முதலாளியிடம் எந்த டிரைவர் சாக்குச் சொல்ல முடியும்? எது நிஜமான கோளாறு, எது சோம்பல் என்று அவருக்குத் தெரியும். நிஜமான கோளாறுக்கு டிரைவரைத் திட்ட மாட்டார் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் தானே செய்யணும் என்று பிடிவாதமும் பிடிக்கவில்லை. மின்மோட்டார் செய்ய டி. பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலியைச் சேர்த்துக்கொண்டார். 1937-ல் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் தயாரானது. ஆளைக் கண்டுபிடித்து வேலையை ஒப்படைப்பதும் பெரிய வித்தைதானே!

1945-ல் கோவையில், அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். வருஷக்கணக்கில் படிப்பதை இன்னும் குறைந்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார். எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை, டிராயிங் கைக்கு வரவே ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒரு செமஸ்டரில் நாம் மெஷினைத் தொட்ட நாட்களை எண்ணிப் பார்த்தால், அவர் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது.

1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற கார் செய்தார். லைசென்ஸ் கிடைக்கவில்லை. 4.1.1974 அன்று காலமானார்.

அவர் தொடங்கிய பொறியியல் கல்லூரி பின்னால் தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. அவினாசி ரோட்டில் அந்த பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் ஹோப் காலேஜ் என்றுதான் பேர்.