5ஜிக்கு 120 வருஷத்துக்கும் முன்பே மில்லிமீட்டர் அலை... ஜெகதீஷ் சந்திர போஸ் செய்தது என்ன?

2ஜியில் ஒரு பாட்டு டவுன்லோட் ஆகக் காத்துக் கிடந்த காலம் போய், இப்போ 5ஜியில் முழுப் படமே சில நிமிஷத்தில் இறங்கிடுது. இதைவிடவும் வேகம் வேணும்னா என்ன வழி? மில்லிமீட்டர் அலை என்கிறார்கள் நிபுணர்கள். 2022 ஏலத்தில் மத்திய அரசு விற்ற 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்த ரகம்தான்.

ஆனா, அதைவிடச் சின்ன அலையை 1890களிலேயே கொல்கத்தாவில் ஒருத்தர் உருவாக்கிட்டார். செடிகளும் உணரும் என்று சொன்னவராக நாம் பாடப் புத்தகத்தில் படித்த அதே ஜெகதீஷ் சந்திர போஸ்!

யார் இவர்?

1858 நவம்பர் 30ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தவர். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் சேர்த்தது வங்காளி மீடியம் பள்ளியில்தான். மருத்துவம் படிக்க லண்டன் போன போஸ், உடம்பு ஒத்துழைக்காததால் கேம்பிரிட்ஜில் அறிவியலுக்கு மாறினார்.

சம்பளம் வாங்காத 3 வருஷம்

1885ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை. ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், அதே வேலை பார்க்கும் இந்தியருக்கு அதைவிடக் குறைவான சம்பளம். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. குடும்பம் கடனில் இருந்த நேரம் அது. சென்னையில் மருத்துவம் படித்த அபலாவை 1887ல் கல்யாணம் செய்ததும் இந்தச் சமயத்தில்தான். 3 வருஷம் கழித்து அரசு இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கைக்கு வந்தது.

ரயில் டைம்டேபிளில் ஆராய்ச்சி

அன்றைக்கு மற்றவர்கள் ஆராய்ந்த ரேடியோ அலைகள் நீளமானவை, சோதிக்கப் பெரிய இடம் வேணும். போஸிடம் இருந்ததோ சின்ன அறை. அதனால் அலையையே சின்னதாக்கினார். 5 மில்லிமீட்டர் வரை, அதாவது 60 கிகாஹெர்ட்ஸ்! கூம்பு வடிவ ஆன்டெனா, அலையைக் கடத்தும் குழாய் எல்லாம் அவரே செய்தார். முறுக்கிய சணல், ஈயத்தாள் செருகிய ரயில் டைம்டேபிள் புத்தகம்கூட அவருக்கு ஆய்வுக் கருவிதான். கொல்கத்தா டவுன்ஹாலில் கம்பியே இல்லாமல் தூரத்தில் மணியை அடிக்க வைத்து, வெடிமருந்தையும் வெடிக்க வைத்துக் காட்டினார்.

சின்ன அலைக்கும் ஸ்பீடுக்கும் என்ன சம்பந்தம்?

அலை சின்னதானால் அதிர்வெண் கூடும். கீழே இருக்கும் அலைவரிசைகளில் ஏற்கனவே டிராஃபிக் ஜாம். மேலே போகப் போக காலி இடம் அதிகம். குறுகிய தெருவுக்குப் பதில் எட்டு வழிச்சாலை கிடைத்த மாதிரி. ஒரே நேரத்தில் நிறைய பேருக்கு நிறைய டேட்டா அனுப்பலாம்.

சிக்கலும் உண்டு. சுவர், மரம், ஏன் நம்ம கை மறைத்தாலே சிக்னல் குறையும். பக்கத்துப் பக்கத்தில் சின்ன டவர்கள் வைக்கணும். அதனால்தான் இந்தியாவில் இன்னும் பெரும்பாலான 5ஜி போன்கள் இதைவிடக் கீழே உள்ள அலைவரிசைகளில் ஓடுது.

காப்புரிமை வேண்டாம்!

கண்டுபிடிப்பை வைத்துக் காசு பார்ப்பதில் போஸுக்கு விருப்பம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால், அலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1904ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் காலாவதியாக விட்டுவிட்டார்.

1901ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலைப் பிடிக்க மார்கோனி பயன்படுத்திய பாதரசக் கருவி, 1899ல் போஸ் வெளியிட்ட வடிவமைப்புதான் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 1909ல் மார்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது போஸ் செடிகள் பக்கம் போய்விட்டார். ஆனால், தொலைதூரத் தகவல் தொடர்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது மார்கோனி என்பதையும் மறுக்க முடியாது.

1937ல் போஸ் காலமானார். சரியாக 75 வருஷம் கழித்து, 2012ல், அவருடைய மில்லிமீட்டர் அலை சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது சர்வதேசப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ.